பார்த்தால் பத்துப் பெட்டி. பத்துக் காசு வைக்க இடமில்லை!

கவச வேடம் போடுகிறவர்கள் படும் பாடு

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. வாசலில் ஒரு போர்வீரன் நிற்கிறான். தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம். கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. கையில் துப்பாக்கி. முகம் தெரியவில்லை.

குழந்தைகள் அவனைச் சூழ்ந்து கொள்கிறார்கள். ஒரு பையன் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிறான். ஒரு சிறுமி பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்து கொள்கிறாள். வீரன் அசையாமல் நிற்கிறான்.

அப்போது, வீரனின் வயிற்றுக்குள் மணி அடிக்கிறது!

ஆம், செல்போன் மணிதான். யார் கூப்பிடுகிறார்கள்? வீட்டில் மனைவியா? பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? வேலை செய்யும் இடத்திலிருந்தா? வீரனுக்குத் தெரியாது. எடுத்துப் பார்க்கவும் முடியாது.

போன் இருப்பது கவசத்துக்கு உள்ளே. அதற்கும் உள்ளே போட்டிருக்கும் கறுப்பு உடைக்குள். அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் கையுறைகளைக் கழற்ற வேண்டும். பிறகு இடுப்புப் பட்டையை அவிழ்க்க வேண்டும். பட்டையின் பிடி முதுகுப் பக்கம் இருக்கிறது; கவசம் போட்ட கை அங்கே எட்டாது. அப்புறம் வயிற்றுத் தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்குள் மணி நின்று விடுகிறது.

குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். வீரனுக்குள் இருக்கும் மனிதனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

யார் இந்த வீரர்கள்?

1977-ம் ஆண்டு அமெரிக்காவில் "ஸ்டார் வார்ஸ்" என்ற சினிமாப் படம் வெளிவந்தது. விண்வெளியில் நடக்கும் போர்க்கதை. டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ். அந்தக் கதையில் கொடுங்கோல் அரசின் சிப்பாய்களாக வருகிறவர்கள்தான் இந்த வெள்ளைக் கவசக்காரர்கள். "ஸ்டார்ம்ட்ரூப்பர்" என்று அவர்களுக்குப் பெயர். படத்தின் உடைகளை அமைத்தவர் ஜான் மோலோ. அதற்காக அவருக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

படம் பார்த்தவர்கள் பலருக்கு நல்லவர்களைவிட இந்தக் கெட்டவர்களின் உடைதான் மனதில் ஒட்டிக் கொண்டது. அதே மாதிரி கவசம் செய்து போட்டுக் கொள்ள வேண்டும் என்ற ஆசை பிறந்தது. இன்று உலகின் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் சொந்தச் செலவில் இந்தக் கவசத்தை வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஆசிரியர் உண்டு, போலீஸ்காரர் உண்டு, நர்ஸ் உண்டு, மெக்கானிக் உண்டு.

கவசம் இரும்பு அல்ல, பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக வைப்பார்கள். அதை அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சோடு ஒட்டிப் படிந்துவிடும். ஆறியதும் எடுத்து, ஓரம் வெட்டினால் மார்புத் தகடு தயார். இப்படியே முதுகு, வயிறு, தோள், முன்கை, தொடை, கெண்டைக்கால் என்று சுமார் இருபது துண்டுகள். எல்லாவற்றையும் எலாஸ்டிக் பட்டைகளாலும் பிரஸ் பட்டன்களாலும் உடம்போடு இணைக்க வேண்டும். போட்டு முடிக்க அரைமணி நேரம்கூட ஆகும். தனி ஆளாகப் போட்டுக் கொள்வது பெரும்பாடு.

போட்ட பிறகு உட்கார்ந்தால் தொடைத் தகடு சதையைக் கிள்ளும். குனிந்தால் வயிற்றுத் தகடு குத்தும். தலைக்கவசத்தின் கண்ணாடி வழியாக நேரே கொஞ்சம் தெரியும். தன் காலே தனக்குத் தெரியாது. சினிமாவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1977-ம் ஆண்டுப் படத்தில் சிப்பாய்கள் ஓர் அறைக்குள் நுழையும்போது ஒருவர் கதவின் மேல் சட்டத்தில் "ணங்" என்று தலையை இடித்துக் கொள்வார். அந்தக் காட்சியை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த பதிப்பில் இடிக்கிற சத்தத்தையும் சேர்த்துவிட்டார்கள்!

எல்லாம் பொய்ப் பெட்டி

இந்த வீரனின் இடுப்பைப் பார்த்தால் "அடேயப்பா, எத்தனை பெட்டி!" என்று தோன்றும். பட்டையின் முன்புறம் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். இரண்டு பக்கமும் தொங்கும் பெட்டிகள். வலது தொடையின் அடியில் இன்னொரு வரிசை. தோட்டாவும் மருந்தும் நிறைந்திருக்கும் என்று நினைப்போம்.

அத்தனையும் வேஷம்! முன்புறப் பெட்டிகள் ஒரே தகட்டில் புடைக்க வைத்த அச்சு. அவற்றுக்கு மூடி இல்லை, உள் இல்லை. தொடை வரிசையும் அப்படியே. பக்கத்தில் தொங்கும் இரண்டு பெட்டிகள் உள்ளே வெற்றிடம்தான். ஆனால் ஒரு செல்போன் அதில் நுழையாது.

இதற்காக ஜான் மோலோவைக் குறை சொல்ல முடியாது. சினிமா வீரன் சாவி தேடுவதில்லை. அவனுக்குச் சில்லறை வேண்டாம், மூக்குக் கண்ணாடி வேண்டாம், தலைவலி மாத்திரை வேண்டாம். காமிரா நின்றதும் ஓடி வந்து தலைக்கவசத்தைக் கழற்றவும் தண்ணீர் கொடுக்கவும் ஆள் உண்டு. அந்த நடிகரின் பணமும் துணிமணியும் உடை மாற்றும் அறையில் பத்திரமாக இருக்கும். அப்படி நாலுபேர் உதவியோடு போடச் செய்த உடையை, உதவிக்கு யாரும் இல்லாத ஒரு சாதாரண மனிதர் ஞாயிற்றுக்கிழமை எடுத்து மாட்டிக் கொள்கிறார். அங்கேதான் வருகிறது வினை.

உதவிக்கு ஆள் இருந்தும் அவதிப்பட்ட நடிகர் ஒருவர் உண்டு. அதே படத்தில் தங்க நிற இயந்திர மனிதனாக நடித்த ஆண்டனி டேனியல்ஸ். 1976-ம் ஆண்டு டுனீசியா நாட்டுப் பாலைவனத்தில் படப்பிடிப்பு. உடையை மாட்டிக் கொண்டு நடந்த முதல் நாளே கால் தகடு உடைந்து அவர் பாதத்தில் குத்திவிட்டது! அந்த உடையில் அவரால் உட்கார முடியாது. சாய்ந்து நிற்பதற்கு ஒரு பலகை வைத்துக் கொண்டார்.

ஒளித்து வைக்கும் வித்தைகள்

பை இல்லை என்றால் சும்மா இருப்பார்களா? மூளையைக் கசக்கி வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கவசத்துக்குள் போடும் கறுப்பு உடையில் ரகசியப் பை தைத்துக் கொள்கிறவர்கள் பலர். ஓட்டப் பந்தயக்காரர்கள் இடுப்பில் கட்டும் மெல்லிய பையை உள்ளே கட்டிக் கொள்கிறவர்களும் உண்டு. நம் ஊர்ப் பாட்டியின் சுருக்குப்பை செய்கிற வேலையை அது செய்கிறது. ஆனால் பாட்டி நினைத்த நேரத்தில் பையை எடுப்பாள், இவர்களால் முடியாது. மார்புத் தகட்டுக்குள் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. அதிலும் சிலர் பொருளைச் செருகி வைப்பார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த இடத்தை வேறு சாமான்கள் பிடித்துக் கொண்டிருக்கும். தலைக்கவசத்துக்குள் காற்றுக்காக ஓடும் சின்ன மின்விசிறிகளுக்கு பாட்டரி வேண்டும். குரல் வெளியே கேட்க ஒலிபெருக்கி வேண்டும். எல்லாவற்றுக்கும் உடம்புக்கும் தகட்டுக்கும் நடுவில்தான் இடம்.

இன்னொரு வித்தை வேடிக்கையானது. வீரனின் பின்னிடுப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் தொங்கும். கதைப்படி அது வெடிகுண்டு. நிஜத்தில் அது சாதாரண பிளாஸ்டிக் குழாய். இரண்டு பக்கமும் மூடி. சில கெட்டிக்காரர்கள் அதற்குள் கார் சாவியையும் சுருட்டிய ரூபாய் நோட்டு மாதிரி டாலர் நோட்டையும் போட்டு மூடி விடுவார்கள். வெடிகுண்டுக்குள் வீட்டுச் சாவி! இதிலும் ஒரு தொல்லை. குழாய் இருப்பது முதுகுப் பக்கம். திறக்க வேண்டுமானால் பின்னால் நிற்கிற ஒருவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு வகை வீரனுக்கு மட்டும் யோகம். அதே படத்தில் பாலைவனத்தில் காவல் சுற்றும் சிப்பாய்கள் வருகிறார்கள். அவர்கள் மார்பின் குறுக்கே தோட்டாப் பைகள் உண்டு. முதுகில் பெரிய மூட்டை. அந்தப் பைகள் நிஜமாகவே திறக்கும், மூடும். அதே வெள்ளைக் கவசம்தான். ஆனால் செல்போன் வைக்க இடம் இருக்கிறது என்பதால் மற்ற வீரர்கள் அவர்களைப் பொறாமையோடு பார்த்தால் ஆச்சரியம் இல்லை.

செல்போனை எடுத்துவிட்டால் போதுமா? ரப்பர்க் கையுறையோடு கண்ணாடித் திரையைத் தொட்டால் அது பெரும்பாலும் கேட்காது. சாவி கை நழுவிக் கீழே விழுந்தால் குனிந்து எடுக்க முடியாது. விழுந்த இடமும் கண்ணுக்குத் தெரியாது.

ராஜாவின் கிரீடம் போன கதை

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல.

ஐரோப்பாவில் பழைய காலத்துப் பிரபுக்கள் நிஜமான எஃகுக் கவசம் அணிந்தார்கள். முழுக் கவசம் 15 கிலோ முதல் 25 கிலோ வரை இருக்கும். அந்த நாளில் சட்டையில் பை வைத்துத் தைக்கும் வழக்கமே இல்லை. அது 17-ம் நூற்றாண்டில்தான் அங்கே பரவியது. அதற்கு முன்னால் பணப்பையை இடுப்புப் பட்டையில் தொங்க விடுவார்கள். திருடன் வந்து வாரை அறுத்துக் கொண்டு ஓடுவான்.

போருக்குப் போகும்போது பிரபுவுக்குக் கவசம் மாட்டிவிட ஒரு பணியாளன் கூடவே போவான். மற்ற உடைமைகள் எல்லாம் படைக்குப் பின்னால் சாமான் வண்டிகளில் இருக்கும்.

1415-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி. பிரான்சில் அஜின்கூர் என்ற இடம். இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி கவசம் அணிந்து முன்னால் நின்று போர் செய்து கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பொருள்கள் பின்னால் சாமான்களோடு இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் சிலர் சுற்றி வந்து சாமான்கள் மேல் பாய்ந்தார்கள். அகப்பட்டதை அள்ளினார்கள். போன பொருள்களில் ராஜாவின் கிரீடம் ஒன்றும் உண்டு!

அன்றைய போரில் ஹென்றிக்குத்தான் வெற்றி. ஆனாலும் எதிரியின் கத்தி நுழையாத கவசத்தில் தன் சாமானை வைத்துக் கொள்ள ராஜாவுக்கும் இடம் இல்லை.

முகம் தெரியாத ஆபத்து

செல்போனும் சாவியும் போகட்டும். தொலைந்தால் வேறு வாங்கலாம். தண்ணீரும் மருந்தும் அப்படி அல்ல.

மனித உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி சென்டிகிரேட். வெயிலில் சூடு ஏறினால் உடம்பு வியர்க்கும். வியர்வை காற்றில் உலரும்போது உடம்பு குளிரும். பிளாஸ்டிக் கவசத்துக்குள் வியர்வை வரும். உலர வழி இல்லை. சூடு ஏறிக் கொண்டே போகும். உடம்பின் உள் சூடு 40 டிகிரியைத் தாண்டிப் புத்தியும் தடுமாறினால் அது உயிருக்கு ஆபத்து.

சாதாரண உடையில் ஒருவர் இப்படித் தவித்தால் பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடுவார். முகம் சிவக்கும், கண் செருகும். "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார். கவசக்காரருக்கு ஏது முகம்? வெளியே தெரிவது எப்போதும் ஒரே பிளாஸ்டிக் முகம். உள்ளே மனிதர் மயங்கிக் கொண்டிருந்தாலும் வெளியே வீரன் விறைப்பாகவே நிற்பான்.

ஆஸ்த்மா உள்ளவர் உறிஞ்சு மருந்தைக் கவசத்துக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டால் என்ன பயன்? சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று சர்க்கரை குறைந்தால் உடனே இனிப்பு வாயில் போட வேண்டும். இருபது துண்டைக் கழற்றிக் கொண்டிருக்க நேரம் ஏது? ஒரு நிமிஷத்தில் கைக்கு வராத மருந்து வீட்டில் வைத்துவிட்டு வந்த மருந்துக்குச் சமம்.

குழந்தைகள் எதிரில் தலைக்கவசத்தைக் கழற்றுவதும் இவர்களிடையே வழக்கம் இல்லை. கழற்றினால் உள்ளே வேர்த்து விறுவிறுத்த ஒரு மாமா தெரிவார். குழந்தையின் கனவு கலைந்துவிடும். அதனால் தண்ணீர் குடிக்க வேண்டுமானாலும் மறைவான அறைக்குப் போக வேண்டும். சிறுநீர் கழிக்க வேண்டுமானால்? அந்தக் கஷ்டத்தை விவரிக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர் செய்வது பெரும் தப்பு.

கூடவே வரும் துணை

இதற்கெல்லாம் இவர்கள் கண்ட ஒரே நல்ல வழி, பழைய காலத்துப் பிரபு கண்ட அதே வழிதான். கூட ஓர் ஆளை அழைத்துக் கொண்டு போவது!

அந்த ஆள் பெரும்பாலும் மனைவி, அண்ணன், தம்பி அல்லது சிநேகிதர். அவருக்குக் கவசம் கிடையாது. சாதாரணச் சட்டை. தோளில் ஒரு பை. யாரும் அவரோடு நின்று படம் எடுத்துக் கொள்வதில்லை. ஆனால் எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. வீரனின் செல்போன், சாவி, பணம், மூக்குக் கண்ணாடி, மருந்து, தண்ணீர் பாட்டில், குடிக்க உறிஞ்சு குழல். கவசம் பிய்ந்தால் ஒட்டப் பசை, வெள்ளை டேப், திருப்புளி.

படி வந்தால் "படி" என்று சொல்கிறவர் அவர். பின்னால் ஓடி வரும் குழந்தை வீரனின் காலில் இடறாமல் பிடித்துக் கொள்கிறவரும் அவர். வீரன் எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கடிகாரம் பார்த்துக் கொண்டே இருப்பார். புறப்படும்போதே இருவரும் சைகை பேசி வைத்துக் கொள்கிறார்கள். கையை இப்படி வைத்தால் தண்ணீர் வேண்டும். அப்படி வைத்தால் உடனே வெளியே கூட்டிக் கொண்டு போ.

பார்வைக்கு யாராலும் வெல்ல முடியாத வீரன். ஆனால் பத்து வயதுப் பையன் செய்யும் வேலையை அவனால் செய்ய முடியாது. கைக்குட்டையால் தன் நெற்றி வியர்வையைத் துடைத்துக் கொள்ளக்கூட முடியாது.

கால் இழந்தவர் தொடங்கிய படை

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் 1994-ம் ஆண்டு கார் விபத்தில் சிக்கினார். அதன் பலனாக ஒரு காலை இழந்தார். மனம் நொந்திருந்த அவருக்கு இந்த வெள்ளைக் கவசத்தில் ஆசை விழுந்தது. கவசத்துக்குள் செயற்கைக் கால் இருப்பது யாருக்கும் தெரியாது. 1997-ம் ஆண்டு அவரும் நண்பர் டாம் குரூஸும் சேர்ந்து "501-வது படை" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். (இவர் வேறு, நடிகர் டாம் குரூஸ் வேறு.) இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உள்ளன. ஆஸ்பத்திரிகளுக்கும் தர்மக் காரியங்களுக்கும் கவசத்தோடு போகிறார்கள். கூலி வாங்குவது இல்லை. கொடுக்க விரும்புகிறவர்களிடம் ஏதாவது தர்மத்துக்குக் கொடுங்கள் என்பார்கள்.

பிறகு ஜான்சனின் சின்ன மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய் கண்டது. தான் தூங்கும்போது காவல் இருக்க, படத்தில் வரும் குட்டி இயந்திரம் மாதிரி ஒன்று வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அப்படிப்பட்ட இயந்திரம் செய்யும் ஆர்வலர்கள் அவளுக்காக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று செய்யத் தொடங்கினார்கள். 2005-ம் ஆண்டு கேட்டி இறந்து போனாள். அவள் பெயரின் எழுத்துக்களைத் தாங்கிய அந்த இயந்திரம் பிறகு ஊர் ஊராகப் போய் நோயாளிக் குழந்தைகளுக்காகப் பணம் திரட்ட உதவியது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கவசக்காரர் வெயிலையும் கிள்ளலையும் ஏன் பொறுத்துக் கொள்கிறார் என்பது இதைக் கேட்டால் புரியும்.

பாம்பு கடித்தது!

துணை ஆள் பக்கத்தில் நடக்க முடியாத தூரத்தையும் சிலர் கவசத்தோடு கடந்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் ஜேக்கப் பிரெஞ்ச் என்ற இளைஞர் 2011-ம் ஆண்டு பெர்த் நகரிலிருந்து புறப்பட்டார். வெள்ளைக் கவசத்தோடு சுமார் 5,000 கிலோமீட்டர் நடந்து, ஒன்பது மாதம் கழித்து 2012-ல் சிட்னி போய்ச் சேர்ந்தார். நோயாளிக் குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதற்காக இந்த நடை. வழியில் ஏழு ஜோடிச் செருப்பு தேய்ந்து போனதாம்! கவசம் தாங்கியது; செருப்பு தாங்கவில்லை.

அடுத்து ஸ்காட் லாக்ஸ்லி. மெல்போர்ன் நகரில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக, 2013-ல் நாட்டையே சுற்றி நடக்கப் புறப்பட்டார். 2015-ம் ஆண்டு தொடக்கத்தில் வழியில் ஒரு விஷப் பாம்பு அவர் காலில் பாய்ந்து கடித்தது. பல் பட்டது கெண்டைக்கால் தகட்டில். பிளாஸ்டிக்கில் கீறிக் கொண்டு நின்றது. உள்ளே இறங்கவில்லை! சாவி வைக்கக்கூட உதவாத கவசம் அன்று ஓர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்புவோம். குழந்தைகள் போய்விட்டார்கள். வீரனும் துணை ஆளும் பின்புற அறைக்கு வருகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். தலைக்கவசம் கழல்கிறது. உள்ளேயிருந்து முடி நனைந்த, நாற்பது வயது மனிதர் ஒருவர் வெளியே வருகிறார். பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறார். பட்டை அவிழ்கிறது, வயிற்றுத் தகடு கழல்கிறது, செல்போன் வெளியே வருகிறது. கூப்பிட்டது மனைவிதான். வரும்போது பால் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.

கையில் போன், சாவி, கையுறை, பாட்டரி, துண்டு. எல்லாவற்றையும் எதில் போட்டுக் கொண்டு கார் வரை போவது? தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடிக்கிறார். அத்தனையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.